மலை தெரியாத வாசல்

ஜனவரி 5, திங்கள்

அந்தக் கவிஞர் அப்போது எங்கே நின்றுகொண்டிருந்தார்?

இன்று வகுப்பில் நிரோஜினி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. "அது முக்கியமில்ல, கவிதையில என்ன இருக்குன்னு பாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், நான் சொன்னது பதிலே இல்லை. கேள்வியை மூடி வைத்தேன், அவ்வளவுதான்.

பாடசாலை இன்னும் முறையாகத் திறக்கவில்லை. பெரிய மண்டபத்தில் ஊசிப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் கீழ் லயத்து வரிசை வீடுகளின் குடும்பங்கள் தங்கியிருக்கின்றன. பரீட்சை நெருங்குவதால் உயர்தர வகுப்புப் பிள்ளைகளை மட்டும் நூலக அறைக்கு வரச்சொல்லித் தமிழ் எடுக்கிறேன். ஒப்பீட்டுக்கு இரண்டு கவிதைகள். பொருள்: இயற்கையின் வலிமையும் மனிதரின் நலிவும். மண்சரிவில் புத்தகங்களை இழந்த பிள்ளைகளுக்குக் கொடுக்க மாதிரி விடை ஒன்று எழுதித் தரும்படி வலயக் கல்வி அலுவலகம் கேட்டிருக்கிறது. வேறு யாரும் கிடைக்கவில்லை போலும்.

முதலாவது மரபுக் கவிதை. அதன் நடு மூன்று வரிகளைப் பிள்ளைகள் எப்போதும் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

விண்ணுடைந் ததுபோல் வீழ்ந்தது மாமழை;
மண்ணுடைந் தோடி மலைகளும் சரிந்தன;
எண்ணுவாய் மனிதா, எத்துணைச் சிறியை நீ!

இரண்டாவது புதுக்கவிதை. சின்னது.

ஆறு வந்து போன வீட்டில்
சுவரில் ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே இருந்ததெல்லாம்
எங்களுடையது.
கோட்டுக்கு மேலே
சாமி படம்.

நிரோஜினி சொன்னது: "ரெண்டாவது ஆள் வீட்டுக்குள்ள நிக்கிறாங்க மிஸ். அது தெரியுது. மொத ஆள் எங்க நின்னாரு? மலை சரியிறத முழுசாப் பாத்திருக்காரே. பாத்துட்டு, நம்மளப் பாத்து 'நீ சின்ன ஆளு'ன்னு சொல்றதுக்கும் நேரம் இருந்திருக்கே."

ஒரு பையன் மேசையைப் பேனாவால் தட்டினான், நிறுத்தச் சொன்னேன்.

நிரோஜினி என் தம்பி யோகேந்திரனின் மகள். வகுப்பில் மிஸ், வெளியில் அத்தை. ஆறாம் வகுப்பில் அவளே வகுத்துக்கொண்ட சட்டம் அது. அவளும் அவள் அம்மா புஷ்பராணியும் மண்டபத்தில் மேடையோரத்து மூலையில் இருக்கிறார்கள்.

சமையலறைக் குழாய் சொட்டுகிறது. வாசர் தேய்ந்துவிட்டது. நத்தார் பண்டிகைக்கு முன் வந்து மாற்றித் தருவதாக யோகன் சொல்லியிருந்தான். கீழே ஒரு பாத்திரம் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 6, செவ்வாய்

மாதிரி விடையின் முதல் வாக்கியம்: "இரு கவிஞர்களும் இயற்கையின் பேராற்றலுக்கு முன் மனிதன் சிறியவன் என்ற கருத்தில் ஒன்றுபடுகின்றனர்." எழுதி முடித்ததும் எங்கோ படித்ததுபோல் இருந்தது. நானே பல வருடமாகப் பலகையில் எழுதிப்போட்டதுதான்.

பின்னேரம் தோட்டத் தலைவர் சின்னையா என் ஆசிரியர் விடுதி வாசலுக்கு வந்தார். உள்ளே வரமாட்டார். சப்பாத்துச் சேற்றைக் காட்டி வெளியே நின்றே பேசுவார்.

"டீச்சரம்மா, பொங்க முடிஞ்சி வார ஞாயித்துக்கெழம மேல் லயத்து மண்ணுலயே எல்லாருக்கும் ஒண்ணா கருமாதி வச்சிரலாம்னு பேசியிருக்கோம். ஐயரும் சரின்னுட்டாரு. ஒங்க தம்பி பேரையும் சேக்கணும்ல?"

"அவன் இன்னும் கெடைக்கல தலைவர்."

"கெடைக்காதவங்களுக்குத்தானம்மா செய்யிறோம். கெடைச்சவங்களுக்கெல்லாம் அவங்கவங்க செஞ்சி முடிச்சிட்டாங்க."

"புஷ்பாகிட்டக் கேளுங்க" என்றேன்.

நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தள்ளிப்போடுகிறேன். நடந்தது இதுதான். மார்கழி மழையில் விடியற்காலை மலை சரிந்து, மேல் லயத்தின்மீது இறங்கியது. கீழ் லயம் தப்பியது. சத்தம் கேட்டு எல்லோரும் கீழே ஓடினார்கள். யோகன் புஷ்பராணியையும் நிரோவையும் ரோட்டில் விட்டுவிட்டு, மேல் லயத்தில் குரல் கேட்கிறது என்று திரும்ப ஏறினான். பிறகு இன்னொரு தடவை மண் இறங்கியது. இராணுவத்துப் பிள்ளைகள் வந்து தோண்டினார்கள். நிலம் அசைகிறது, இனித் தோண்டுவது ஆபத்து என்று நிறுத்திவிட்டார்கள்.

ஆகவே யோகன் கிடைக்கவில்லை. இதற்கு மேல் எனக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை. ஆதாரமில்லாத ஒன்றை நான் எழுதமாட்டேன்.

ஜனவரி 8, வியாழன்

மழை. சப்பாத்து காயவில்லை. பாத்திரத்தை இரண்டு முறை கொட்டினேன்.

ஜனவரி 9, வெள்ளி

அதிபர் சதானந்தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு கடிதங்கள்.

"மிஸ், பத்தொன்பதாந் தேதி தொறக்கச் சொல்லி வந்திருக்கு."

"இவங்கெல்லாம் எங்க போறது சேர்?"

"கீழ் லயம் நிக்கிதுதானே."

"அதுக்கு மேல மலையில வெடிப்பு இருக்கு."

"அதுக்கும் கடிதம் வந்திருக்கு." எடுத்து வாசித்தார். "'மழையில்லா வேளைகளில் வதிவதற்கு ஆட்சேபனை இல்லை.'"

"மழை வந்தா?"

"வந்தா இங்கயே வரலாமாம்." கண்ணாடியைக் கழற்றிவிட்டு அடுத்த வரியையும் வாசித்தார். "'பாடசாலை நேரம் தவிர்ந்த வேளைகளில்.'"

வாசித்துவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல மனிதர். கையெழுத்துப் போடும்போது மட்டும் எழுத்து சிறுத்துப்போகும்.

சில குடும்பங்களுக்கு டவுனில் சொந்தம் இருக்கிறது. சிலர் கோயில் மடத்தைக் கேட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் லயத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். புஷ்பராணிக்கு இந்தப் பக்கத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை. எனக்கு ஆசிரியர் விடுதியில் இரண்டு அறை. ஒன்றில் புத்தகங்களும் ஈரமும். சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்கவேண்டும்.

அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

பாடசாலைக் குழாயடியில் புஷ்பராணி துவைத்துக்கொண்டிருந்தாள். நானும் இரண்டு சேலையை எடுத்துக்கொண்டு போனேன். விடுதியில் தண்ணீர் இருக்கிறது, ஆனாலும் போனேன்.

"லயத்துக்கு ஏத்திட்டுப்போக லொறி வந்தா நான் போறேன் மதினி" என்றாள். "மத்தவங்க போகாட்டியும் போவேன்."

"வெடிப்ப நீ பாத்தியா?"

"பாத்தேன். கை போகும்."

"அப்ப ஏன் போற?"

"வெளக்கு வைக்கணும்ல."

செத்தவர் வீட்டில் கருமாதி முடியும்வரை ஒரு விளக்கும் ஒரு செம்புத் தண்ணீரும் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். போன உயிர் தாகத்தோடு வந்து பார்க்கும் என்று நம்பிக்கை. அப்பாவுக்கு வைத்தபோது யோகன்தான் விடிய விடியத் திரி தூண்டினான். நான் பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து லீவில் வந்திருந்தேன், தூங்கிவிட்டேன்.

"இங்கயே ஒரு மூலையில வையேன்."

"எங்க வைக்கிறது? புள்ளைக ஓடிப் புடிச்சி வெளாடுதுக. மெத்தைக கெடக்கு, நெருப்புக் கூடாதுன்னு அதிபர் சேர் எழுதி ஒட்டியிருக்காரு." சேலையை முறுக்கினாள். "அப்புடியே வச்சாலும் அவருக்கு எப்புடித் தெரியும், நாங்க இங்க இருக்கோம்னு? ரோட்டுல விட்டுட்டுப் போனாரு. வந்தா வீட்டுக்குத்தான் வருவாரு. வீட்டப் பூட்டிட்டு வந்துட்டேன். சாவி என் இடுப்புல."

"அவன் இன்னும் கெடைக்கல புஷ்பா. அதுக்குள்ள வெளக்கு, தண்ணின்னு…"

அவள் முறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். என் சேலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் இரண்டு பக்கமும் முறுக்கினோம்.

ஜனவரி 12, திங்கள்

மாதிரி விடை. முதல் வாக்கியத்தை வெட்டிவிட்டேன். இரண்டாவதிலிருந்து தொடங்கப் பார்க்கிறேன்.

முதற்கவிதையில் எல்லாமே பெரிது: விண், மாமழை, மலைகள். மனிதனுக்கு ஒரே ஒரு வேலை, தன் சிறுமையை எண்ணுவது. இரண்டாம் கவிதையில் பெரியது எதுவும் இல்லை. ஆறுகூட விருந்தாளி மாதிரி வந்து போகிறது. பேசுகிறவர் தன்னைச் சிறியவர் என்றும் சொல்லவில்லை, பெரியவர் என்றும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வகுப்பு முடிந்ததும் நிரோ மட்டும் நின்றாள். கதவு தாண்டியதும் அத்தை ஆனேன்.

"அத்தே, அம்மா போனா நானும் போவேன்."

"ஒனக்குப் பரீட்ச இருக்கு."

"லயத்துலருந்துதானே எல்லாரும் படிச்சாங்க. நீங்களுந்தான்."

"அப்ப வெடிப்பு இல்ல."

"இருந்திருக்கும். யாரும் போய்ப் பாத்திருக்கமாட்டாங்க." புத்தகப் பையைத் தோளில் மாற்றிக்கொண்டாள். "ஒங்க விடுதியில எத்தன காம்பரா அத்தே?"

லயத்து அறையைத்தான் காம்பரா என்போம். விடுதி அறையை யாரும் அப்படிச் சொல்வதில்லை. இவள் வேண்டுமென்றே சொன்னாள்.

"ரெண்டு."

"ஓ" என்றாள். அவ்வளவுதான்.

அவளுக்கு யோகனின் நெற்றி. சிறு வயதில் பொய் சொல்லும்போது அவன் அதைத்தான் சொறிவான்.

ஜனவரி 13

பருப்பு ஊறப்போட்டேன். மறந்துவிட்டேன். புளித்துப்போனது.

ஜனவரி 15, வியாழன்

தைப்பொங்கல். சாவு இல்லாத வீட்டார் மைதானத்தில் கல் கூட்டிப் பொங்கினார்கள். ஈர விறகு, எல்லோருக்கும் கண் எரிந்தது. யார் எதற்காகக் கண்ணைத் துடைக்கிறார்கள் என்று தெரியாமல் இருந்தது ஒரு வசதி.

புஷ்பராணி மண்டபப் படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் அரிசியில்லை, பொங்குகிறவர்களின் அரிசி.

"மதினி, நீங்க பொங்கல?"

"நான் எந்த வருசமும் பொங்குறதில்லையே."

"ஆமா. எங்க வீட்டுலருந்துதான வரும்."

ஒவ்வொரு பொங்கலுக்கும் விடுதிக்கு ஒரு தூக்குச்சட்டி வரும். மேலே வாழையிலைத் துண்டு மூடியிருக்கும். முந்திரி எல்லாம் என் பங்கில்தான் இருக்கும். இந்த வருடம் அந்தச் சட்டி யாருடைய வீட்டில் இருக்கிறது என்று யோசித்தேன். பூட்டிய வீட்டில் இருக்கும்.

தலைவர் ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தார். "டீச்சரம்மா, சாப்புடுங்க. சாமி நம்பிக்க இல்லாதவங்களுக்கும் இனிக்கும்." அவருடைய தங்கை குடும்பம் மேல் லயத்தில் இருந்தது. அவர் பொங்கவில்லை, பொங்கியவர்களிடம் வாங்கி எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டு திரிகிறார். வாங்கினேன். இனிப்பாகத்தான் இருந்தது.

புஷ்பராணி கூட்டுக் கருமாதிக்குச் சம்மதிக்கவில்லையாம். "வெளக்கே வைக்கல, அதுக்குள்ள எப்புடி முடிக்கிறது? வீட்டுல வச்சி, பதினாறு நாள் கழிச்சி நானே செஞ்சிக்கிறேன்" என்றிருக்கிறாள். தலைவர் அதில் நியாயம் இருக்கிறது என்கிறார். வெடிப்புக்குக் கீழே இரவு பகலாகப் பதினாறு நாள். அதில் என்ன நியாயம் என்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 16, வெள்ளி

மாதிரி விடையை நேற்றிரவே முடித்து அனுப்பினேன். இன்று காலை வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து தமிழுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் பேசினார்.

"எல்லாம் நல்லாருக்கு மிஸ். முடிவுரையக் காணல."

"இல்ல சேர்."

"அனுப்ப மறந்திட்டீங்களா?"

"எழுதல."

"ரெண்டு கவிஞர்களும் இயற்கைக்கு முன்னால மனிதன் சிறியவன் என்பதில ஒன்றுபடுறாங்கன்னு ஒரு வரி போட்டாப் போதுமே. பிள்ளைகளுக்குப் பாடமாக்கவும் லேசு."

"அவங்க ஒன்றுபடல சேர்."

"என்ன?"

"அந்த ரெண்டு பேரும் ஒன்றுபடல."

யாரோ அவரிடம் தேநீர் வைத்துவிட்டுப் போனதுபோல் கோப்பைச் சத்தம். "சரி மிஸ், நீங்களும் கஸ்டத்தில இருக்கிறீங்க. அந்த வரிய நான் போட்டுக்கிறேன்" என்றார். சரி என்றேன்.

சிறியவன் என்றால் எதோடு ஒப்பிட்டு? மேல் லயத்தைச் சரிவின் மடியில் கட்டியது மலை அல்ல. தோட்டத் துரையின் பங்களா பாறைமேல் இருக்கிறது. அதே மழைதான், அங்கே ஓர் ஓடும் விழவில்லை. சின்ன வயதில் பங்களாத் தோட்டத்தில் பூ பறிக்கப் போய் விரட்டு வாங்கியிருக்கிறோம், நானும் யோகனும். அங்கிருந்து பார்த்தால் மலை முழுதாகத் தெரியும். அழகாக இருக்கும். லயங்கள் தீப்பெட்டிகளை அடுக்கியதுபோல் இருக்கும்.

முதற்கவிஞர் அப்படி ஓரிடத்தில் நின்றிருக்கலாம் என்று எழுதத் தோன்றுகிறது. எனக்குத் தெரியாது. அவருக்கும் ஒரு வீடு இடிந்திருக்கலாம். உட்கார்ந்து அழ முடியாதவர்களும் எதுகை மோனையில் எழுதுவார்கள்.

ஜனவரி 18, ஞாயிறு

கருமாதி நடந்தது. சங்குச் சத்தம் பாடசாலை வரை கேட்டது. புஷ்பராணி போகவில்லை. நானும் போகவில்லை. எனக்கு விடைத்தாள் திருத்த வேண்டியிருந்தது. ஒப்பீட்டுக் கேள்விக்கு எல்லாப் பிள்ளைகளும் "ஒன்றுபடுகின்றனர்" என்று எழுதியிருந்தார்கள். நிரோ இரண்டாம் கவிதைக்கு மட்டும் எழுதிவிட்டு, முதற்கவிதைக்கு இடம் விட்டிருந்தாள். பாதிப் புள்ளி போட்டேன். பிறகு கூட்டினேன். பிறகு பழையபடி குறைத்தேன்.

பின்னேரம் புத்தக அறையை ஒழுங்குபடுத்தினேன். தூசி அதிகமாகிவிட்டது. புத்தகங்களைச் சமையலறைப் பக்கச் சுவரோரம் அடுக்கியதில் தரை காலியாகிவிட்டது. பாயொன்றை வெயிலில் போட்டேன். ஈர வாடை வந்ததால்.

நாளைக் காலை லொறி வருகிறது. புஷ்பராணியிடம் சொல்ல வேண்டியதை யோசித்து வைத்திருக்கிறேன். நிரோவுக்குப் பரீட்சை முடியும்வரை அமைதியான இடம் தேவை; விடுதியில் ஓர் அறை இப்போது காலியாக இருக்கிறது; தாயும் கூட இருந்தால் பிள்ளைக்கு நல்லது. இவ்வளவுதான். விளக்கைப் பற்றியோ மற்றதைப் பற்றியோ பேச்செடுக்கத் தேவையில்லை. அவள் மறுத்தால் வற்புறுத்தமாட்டேன். லொறி புறப்படுமுன் சொல்லிவிட்டு முதல் பாடத்துக்குப் போய்விடலாம்.

ஜனவரி 19, திங்கள்

நேற்று எழுதியதில் ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது இது.

நான் போனபோது புஷ்பராணி லொறியில் ஏறிவிட்டாள். நிரோ மூட்டைகளுக்கு நடுவில் நின்றாள். நான் கிட்டப் போய், "குடை இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு மதினி."

நிரோ என்னைப் பார்த்தாள். எஞ்சின் சத்தம் வந்தது. நான் பின்பலகையைப் பிடித்தேன்.

"டீச்சரம்மா, நீங்க எங்க?" என்றார் தலைவர்.

"சும்மா பாத்துட்டு வாரேன்."

"ஒங்க தம்பி மாதிரியே. சொல்லாமக் கொள்ளாம ஏறிக்கிறது." கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். சேலை ஆணியில் மாட்டிக் கிழிந்தது. பின்னால் அதிபர் அலுவலக வாசலிலிருந்து, "மிஸ், மொதல் பாடம்!" என்று கூப்பிட்டது கேட்டது. கையசைத்தேன். என்ன அர்த்தத்தில் அசைத்தேன் என்று தெரியவில்லை.

மண்சரிவுக்குப் பிறகு நான் அங்கே போவது இதுதான் முதல் தடவை.

கீழ் லயத்தில் யோகன் வீடு நடுவில். பூட்டுத் துருப்பிடித்திருந்தது, புஷ்பராணி சாவியை எண்ணெய் தொட்டுத் திருகினாள். உள்ளே அடைத்த ஈர வாடை. மேசைமேல் அவன் குடித்துவிட்டு வைத்த பிளேன்டீக் கோப்பை, அடியில் பூஞ்சணம். சுவரில் தூக்குச்சட்டி தொங்கியது. புஷ்பராணி கோப்பையைக் கழுவ எடுத்தாள். பிறகு அப்படியே திரும்ப வைத்தாள்.

நான் வாசற்படியில் நின்று மேலே பார்த்தேன். தகரக் கூரை விளிம்பும் எதிர் லயத்துக் கூரையும்தான் தெரிந்தன. மலை தெரியவில்லை. பிறந்து வளர்ந்த இடம். அங்கே நின்றால் மலை தெரியாது என்பது இத்தனை வருடம் எனக்குத் தோன்றவில்லை. வாசல்முன் வடிகானைத் தாண்டி வெளியே வந்து கழுத்தை வளைத்தால்தான் தெரிகிறது. வந்தேன். வளைத்தேன். பச்சைக்கு நடுவில் அகலமாகச் சிவப்பு மண். மேல் லயம் இருந்ததற்கு அடையாளம் ஒன்றுமில்லை. பார்த்தேன்.

திரும்ப உள்ளே போனபோது புஷ்பராணி திரி முறுக்கிக்கொண்டிருந்தாள். நிரோ தண்ணீர்ச் செம்பைத் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"புஷ்பா" என்றேன். "யோகன் செத்துட்டான்."

நிரோவின் கை நின்றது. புஷ்பராணி திரியைக் கீழே வைத்தாள்.

"ஆமா மதினி" என்றாள். மெதுவாகச் சொன்னாள். குழந்தைக்கு ஒரு சொல் வாயில் வந்ததும் தாய் தலையாட்டுவாளே, அப்படி.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். "வெளக்க என் வீட்டுல வை" என்றேன்.

"அது அவரு வீடு இல்லையே மதினி. எப்புடி வருவாரு?"

"வழி தெரியும் அவனுக்கு. வாரேன்னு சொல்லியிருக்கான். கொழாய் சொட்டுது, வாசர் மாத்தணும்னு."

புஷ்பராணியின் முகம் ஒரு மாதிரி ஆனது. "எங்கிட்டயும் சொன்னாரு. 'அக்கா தனியா பாத்திரம் வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கும், போயி மாத்திட்டு வரணும்'னு. வாசர்கூட வாங்கிட்டு வந்தாரு. எங்க வச்சாருன்னுதான் தெரியல."

தேடினோம். நிரோ அலுமாரிக்கு மேலே பார்த்தாள். நான் ஜன்னல் விளிம்பில் பார்த்தேன். புஷ்பராணி ஆணியில் தொங்கிய சட்டைகளின் பைகளில் ஒவ்வொன்றாகக் கைவிட்டாள். சீனி டப்பா, சாமித் தட்டு, கட்டிலுக்கு அடி எல்லாம் பார்த்தோம். தலைவர் வாசலில் வந்து, "என்னத்த தேடுறீங்க?" என்று கேட்டார். "கொழாய் வாசர்" என்றாள் நிரோ. அவர் உள்ளே வந்து, டோர்ச்சை அடித்து மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

கிடைக்கவில்லை.

அப்போது தகரத்தில் சத்தம் கேட்டது. தூறல். கடிதப்படி இது மழையுள்ள வேளை, பாடசாலை நேரமும்கூட. தலைவர் வெளியே போய் லயம் முழுவதும் கேட்கும்படி, "மூட்டையப் பிரிக்காதீங்க! ஏறுங்க எல்லாரும்!" என்று கத்தினார். "அதிபர் சேர் என்ன சொல்லுவாரு?" என்று யாரோ கேட்டார்கள். "டீச்சரம்மா நம்ம லொறியிலதான இருக்காங்க" என்றார் தலைவர்.

புஷ்பராணி பூட்டை எடுக்கவில்லை. கதவைச் சாத்தி மட்டும் வைத்துவிட்டு, சாவியை உள்ளே மாடத்தில் போட்டுவிட்டு வந்தாள். தூக்குச்சட்டியை நிரோ எடுத்துக்கொண்டாள்.

பாடசாலையில் எட்டாம் வகுப்பு மண்டபத்தில் உட்கார்ந்திருந்தது. அதிபர் லொறியைப் பார்த்தார், என் கிழிந்த சேலையைப் பார்த்தார். எட்டாம் வகுப்பைத் தன் அறைக்குள் அழைத்துக்கொண்டு போனார். இடம் போதாமல் பாதிப் பிள்ளைகள் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்தார்கள். கீழ் லயத்துக் குடும்பங்கள் பழைய இடங்களிலேயே பாய் விரித்தன. நாளைக்கு மேலிடத்திலிருந்து பேசுவார்கள் என்று நினைக்கிறேன். மேடையோரத்து மூலை மட்டும் காலி.

நான் கடைசிப் பாடம் எடுத்தேன். நிரோவும் இருந்தாள். முதற்கவிஞர் எங்கே நின்றார் என்று எனக்குத் தெரியாது என்று வகுப்பில் சொன்னேன். அவள் குறித்துக்கொண்டாள்.

பின்னேரம் புஷ்பராணி என் சமையலறை மூலையைக் கழுவிக் கோலம் போட்டு விளக்கேற்றினாள். செம்புக்குத் தண்ணீர் வேண்டும் என்றாள். நான் குழாய்க்குக் கீழே இருந்த பாத்திரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செம்பை வைத்தேன். சொட்டுச் சொட்டாக நிறைய நேரம் எடுத்தது. சமையலறையில் மூன்று பேருக்கு இடம் போதவில்லை, நின்றோம்.

வாசற்கதவைத் தாழிடவில்லை.